செருப்பு கழன்றது தெரியவில்லை

என் நோயின் முதல் அறிகுறியைக் கண்டது நான் அல்ல, என் அப்பா. கண்டவர் அதைத் தவறாகப் புரிந்துகொண்டார்.

தொண்ணூறுகளின் கடைசி. மதுரையில் விடுதியில் தங்கி ஆசிரியர் பயிற்சி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை கிளம்பி, டி. கல்லுப்பட்டியில் பஸ் மாறி ஊரில் இறங்கினால், மேலத்தெருவைக் கடந்துதான் எங்கள் காலனிக்குப் போக வேண்டும். அன்று வாசலில் நின்ற அப்பா என் கால்களைப் பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால்.

“எவன்டா கழட்டச் சொன்னான்?”

“யாரும் சொல்லலப்பா.”

“ஒண்ணக் கழட்டிட்டுப் பயந்து ஓடியாந்தியா? ஆளச் சொல்லு, நான் கேட்டுக்கிறேன்.”

“நெசமாவே தெரியலப்பா. எங்கிட்டாவது விழுந்திருக்கும்.”

“செருப்பு விழுந்தது தெரியாமயா ஒருத்தன் நடப்பான்?”

அவரே போய் எடுத்து வந்தார். மேலத்தெரு ரேஷன் கடை முன்னால் கிடந்ததாம். இளவயதில் தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்த தெருவில், அன்று என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இதைப் படிக்கும் யாருக்காவது செருப்பு கழன்றது தெரியாமல் போயிருந்தால், சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். அதற்காகவே எழுதுகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் வலிப்பு வந்தது. பதினைந்தாம் வயதில் பெரியாஸ்பத்திரியில் ஃபெனிடாயின் (வலிப்பு வராமல் தடுக்கும் மாத்திரை) கொடுக்கத் தொடங்கினார்கள். அதே மாதம் அம்மா எங்கள் கண்மாய்க்கரைக் கருப்பசாமியிடம் போய், வலிப்பு நின்றால் என் பிள்ளை ஆயுசுக்கும் கவுச்சி தொடமாட்டான் என்று நேர்ந்துகொண்டாள். கறி, மீன், கருவாடு, முட்டை எல்லாம் நின்றன. வலிப்பும் நின்றது. மாத்திரைக்குப் பாதி, கருப்பனுக்குப் பாதி என்று நான் மனதுக்குள் பிரித்து வைத்திருந்தேன். அம்மா முழுவதையும் கருப்பனுக்கே கொடுத்திருந்தாள்.

ஆறு வருடம் நல்லபடியாகப் போனது. பிறகுதான் கால்கள்.

முதலில் உள்ளங்கால் மதமதத்தது. அப்புறம் விரல்களில் எறும்பு ஊர்வதுபோல ஓயாத குறுகுறுப்பு. வெறும் தரையில் நடந்தாலும் சாக்கு விரித்த தரையில் நடப்பதுபோல இருந்தது. விடுதி மாடிப்படியில் முழங்கால் மடங்கி இரண்டு முறை விழுந்தேன்.

மூன்று மாதத்தில் கற்பித்தல் பயிற்சி வரவிருந்தது. ஒரு பள்ளியில் நாற்பது நாள் நின்று பாடம் நடத்த வேண்டும். முடிக்காதவனுக்குச் சான்றிதழ் கிடையாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா ஊரில் அப்போதே என்னை ‘வாத்தியார்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

விடுதிக்குப் பக்கத்தில் இருந்த டாக்டர் ரத்தம் குறைவு என்று ஃபோலிக் அமிலம் (ரத்தம் ஊற உதவும் மாத்திரை) கொடுத்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. கால் தெளியவில்லை.

அடுத்து நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மருந்துக் கடையில் கெஞ்சி, வலிப்பு மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாங்கினேன். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். நெடுநாள் சாப்பிட்டால் நரம்பு பாதிக்கப்படலாம் என்று ஒரு வரி இருந்தது. எங்கள் வம்சத்திலேயே ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்துக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமையில், யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினேன்.

ஐந்தாம் நாள் காலை, விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு விழுந்தேன். ஆறு வருடத்துக்குப் பின் வலிப்பு.

கண் விழித்தபோது என் அறைத்தோழன் ராம்பாபு பக்கத்தில் இருந்தான். மதுரைக்காரன்தான், விடுதி கட்டாயம் என்பதால் தங்கியிருந்தான்; தெற்கு மாசி வீதிப் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டில் சுத்த சைவம். என்னைப் பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டு வந்தவன் அவன்தான்.

“மாப்ள, வலிப்புன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா எங்கிட்ட? இட்லி விக்கிச்சுன்னு நெனச்சு முதுகுல அம்புட்டு அடி அடிச்சிட்டேன். முதுகு வலிச்சா அது என் கணக்கு.”

நரம்பியல் பிரிவின் நீண்ட தாழ்வாரத்தில் பெஞ்சில் காத்திருந்தோம். அன்று பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவசரமே படாதவர். இசைக்கவையை (தட்டினால் அதிரும் உலோகக் கவை) தட்டி என் கால் கட்டைவிரலில் வைத்தார்.

“அதிருதா தம்பி?”

“வச்சுட்டீங்களா டாக்டர்?”

கவையைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நிற்கச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். மூடிய உடனே தரை எங்கோ போய்விட்டது. ராம்பாபு பிடித்திருக்காவிட்டால் மேசை மேல் விழுந்திருப்பேன்.

“கால் எங்க இருக்குன்னு மூளைக்குத் தகவல் போகல. கண்ணால பாத்துப் பாத்துத்தான் நடந்துக்கிட்டு இருக்கீங்க. என்ன சாப்பிடுவீங்க?”

“சுத்த சைவம் டாக்டர்” என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒரு நிமிர்வு வரும். பயிற்சிப் பள்ளியில் அதற்காகவே என்னைப் பாராட்டிய ஆசிரியர்கள் உண்டு.

“பால், தயிர்?”

“வீட்டுல எருமை இருக்கு. பால் முழுக்க சொசைட்டிக்குப் போயிரும். நான் கடுங்காப்பிதான். விடுதியில மோருன்னு ஒண்ணு ஊத்துவாங்க.”

ராம்பாபு குறுக்கே வந்தான். “அது மோர் இல்ல டாக்டர், மோர்ப் பாத்திரம் கழுவுன தண்ணி. மாப்ள, நாங்க பரம்பரைச் சைவம்டா. மூணு வேளையும் தயிரு. நீ புதுசாச் சேந்துட்டு எங்களையே மிஞ்சிட்டியேடா!”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு நிதானமாக விளக்கினார். பி-12 (நரம்பின் மேலுறை தேயாமல் காக்கும் வைட்டமின்) அநேகமாகத் தீர்ந்திருந்தது. கறி, மீன், முட்டை, பாலில் மட்டுமே அது உண்டு. நான் எல்லா வாசலையும் அடைத்திருந்தேன். ஃபோலிக் அமிலத்தைத் தனியாகச் சாப்பிட்டதில் ரத்தம் தேறி, நரம்பு கெடுவது மறைந்துபோயிருந்தது. வலிப்பு மாத்திரைக்கும் இதில் சிறு பங்கு இருக்கலாம் என்றார். தாளைப் படித்து அதை நிறுத்தியதையும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“ஆனா அத இனிமே ஒரு வேளை விட்டீங்கன்னாலும் எங்கிட்ட வராதீங்க. மாத்தணும்னா நான் மாத்துவேன். அந்தத் தாளு எனக்கு எழுதுனது, உங்களுக்கு எழுதுனதில்ல.”

“கால் திரும்பி வருமா டாக்டர்?”

“வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். சீக்கிரமா வந்துட்டீங்க. ஊசி போடுறேன். நீங்க முட்டை சாப்பிடணும்.”

ஊருக்குப் போய்ச் சொன்னபோது ஊசிக்கு அம்மா தடை சொல்லவில்லை. முட்டை என்றதும் எழுந்துவிட்டாள்.

“கால் போனாக் கம்பு ஊண்டி நடக்கலாம் சாமி. வலிப்பு வந்து கெணத்துல விழுந்தா நான் எங்க போவேன்? கருப்பன்கிட்டச் சொன்ன சொல்லு அது.”

“இந்தா, அவன் படிச்சவன், டாக்டரு சொல்றாக” என்றார் அப்பா.

“படிச்சவன்தான் ஒத்தச் செருப்போட வந்தான்” என்றாள் அம்மா.

வேறு வழியில்லை. நான் மாத்திரையை நிறுத்தியதையும், வலிப்பு வந்ததையும் அதுவரை வீட்டில் சொல்லவில்லை. அன்று சொன்னேன். “அஞ்சு நாளு மாத்திரை திங்கலம்மா. வலிப்பு வந்துருச்சு. அப்ப நான் கவுச்சி தொடல. நேர்த்தி அப்படியேதான் இருந்துச்சு.”

அம்மா திட்டவில்லை. மறுநாள் காலை தனியாகக் கண்மாய்க்கரைக்குப் போய் வந்தாள். வந்ததும் பக்கத்து வீட்டில் இரண்டு முட்டை வாங்கி அடுப்பில் போட்டாள்.

“பேசிட்டு வந்துட்டேன். முட்டைக்குப் பதிலா அவருக்கு ஒரு சோடி செருப்பு. நீ நடந்து வந்து நீயே வைக்கணும்.”

எங்கள் பக்கத்தில் கருப்பசாமிக்குச் செருப்புக் காணிக்கை வைப்பது வழக்கம். ஊர்க்காவலுக்கு நடக்கிற சாமி. செருப்பு தேயும் என்பார்கள்.

ஊசி மருந்து சிவப்பாக இருக்கும். முதல் வாரம் தினம் ஒன்று, பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று. இரண்டாம் வாரத்தில் குறுகுறுப்பு கூடியது. பயந்துபோய் ஓடினேன். விழித்துக்கொள்ளும் நரம்பு சிலருக்கு இப்படிச் சத்தம் போடும் என்றார் டாக்டரம்மா. இதை நினைவில் வையுங்கள்; அந்த வாரத்தில் மனம் விட்டுவிடாதீர்கள்.

கற்பித்தல் பயிற்சியின் முதல் நாள், ஐந்தாம் வகுப்பு. ஒரு கை மேசையில் ஊன்றியபடிதான் நின்றேன். பத்தாம் நாள் கையை எடுத்தேன். இருபதாம் நாளோ என்னவோ, கரும்பலகைப் பக்கம் திரும்பியபோது வலது உள்ளங்காலில் ஏதோ உறுத்தியது. வகுப்பில் நான் செருப்பு போடுவதில்லை. காலைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு துண்டுச் சாக்பீஸ். பின்னக் கணக்குக்கு நடுவில் வாத்தியார் எதற்குச் சிரிக்கிறார் என்று பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நாற்பது நாளும் முடித்தேன்.

இப்போதும் வலது சுண்டுவிரல் கொஞ்சம் மந்தம்தான். முன்பெல்லாம் மாதம் என்றால் விடுதிக்குப் பணம் கட்டும் நாளுக்கு வந்து முடியும். இப்போது ஒரு ஊசியில் தொடங்கி அடுத்த ஊசியில் முடிகிறது. காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக அசைத்துக் கூப்பிடுகிறேன். எல்லாம் பதில் சொன்ன பிறகுதான் எனக்கு விடிகிறது.

பயிற்சி முடிந்த வாரம், கல்லுப்பட்டியில் செய்யச் சொன்ன ஒரு முழ நீளச் செருப்புச் சோடியைக் கருப்பன் முன்னால் வைத்தேன். அம்மா பின்தங்கி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவும் நானும் எங்கள் செருப்புகளை மாட்டிக்கொண்டு மேலத்தெரு வழியாகத் திரும்பினோம். இரண்டு கட்டைவிரல்களிலும் வார் அழுத்துவது தெரிந்தது. ரேஷன் கடை வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் நடையைக் குறைக்கவில்லை.

“செருப்பு இருக்காடா?” என்றார், கொஞ்சம் சத்தமாகவே.

“ரெண்டும் இருக்குப்பா” என்றேன். குனிந்து பார்க்கவில்லை.