காலிக் கட்டம்

போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு எங்கள் வீட்டில் உலகக் கூட்டம். அதே நேரத்தில் வாசலில் தண்ணீர் லாரி. பட்டாபிராமில் இரண்டில் எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

என் மனைவி சுமதி ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதுபவள். ஒரு நாட்டு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் எழுதியதை இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் தப்பில்லாமல் படிக்க வேண்டும் அல்லவா? அதற்கு விதி எழுதும் சர்வதேசக் குழு ஒன்றுக்கு அவள் இணைத் தலைவர். பதவிக்காலம் இரண்டு வருடம். சம்பளம் கிடையாது.

அந்தக் கூட்டங்களின்போது குக்கர் விசிலை அடக்குவது என் பதவி. அதற்கும் சம்பளம் கிடையாது. பதவிக்காலம்... ஆயுள்.

லாரிக்காரர் சம்ப்புத் தொட்டிக்குள் குழாயை விட்டுவிட்டு மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா சார், மேடம் யாரான்டயோ இங்கிலீசுல சண்ட போட்டுகினு கீறாங்க?”

“ஏழெட்டு நாட்டோட.”

“சம்பளம் நல்லா வருமா?”

“பைசா கிடையாது.”

“சும்மாவா?” கொஞ்சம் யோசித்தார். “அப்போ மெய்யாலுமே பெரிய வேலதான் சார்.”

எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. இந்த மாதத்தோடு பதவிக்காலம் முடிகிறது, மறுபடி நிற்காதே என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் பதில் பேசவில்லை. சரி, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மாடிக்கு வந்தால் விவாதம் கொதித்துக்கொண்டிருக்கிறது. விஷயம் சின்னதுதான். நோயாளியின் விவரத்தில் ‘எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது?’ என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? அப்படி எதுவும் இல்லை என்றா... யாரும் கேட்கவே இல்லை என்றா? இரண்டையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும் என்பது சுமதியின் தீர்மானம். டாக்டர்களுக்கு ஒரு க்ளிக் கூடுதலாகிறதே என்று ஒரு நாட்டுக்காரர் வருத்தப்பட்டார்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் கட்சி சேரக் கூடாது. சொந்தக் கருத்தைச் சொல்ல வேண்டுமானால், தலைமையை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். (இதை நம் அபார்ட்மென்ட் சங்கத்தில் சொல்லிப் பாருங்களேன்!) சுமதி முறைப்படி ஒப்படைத்தாள். பேசினாள். ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்:

“மூன்று வருடத்துக்கு முன்னால் என் அண்ணனைக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு ஊசி அவருக்கு ஆகவே ஆகாது. கவுன்டரில் பெயர் கேட்டார்கள், வயது கேட்டார்கள், கதவு எண்கூடக் கேட்டார்கள். அதை மட்டும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியபோது, அந்தக் காலிக் கட்டம் ‘ஒன்றுமில்லை’ என்று மாறியிருந்தது. அந்த ஊசியைப் போட்டார்கள். அண்ணன் போய்விட்டார். அன்று கவுன்டரில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது நான். கட்டத்தைப் பார்த்தேன். அவர்கள்தான் கேட்கவில்லையே என்று விட்டுவிட்டேன்.”

சமையலறை வாசலில் நின்றுவிட்டேன்.

மச்சான் எப்படிப் போனார் என்பது எனக்குத் தெரியும். அன்று நான் வெளியூரில். கவுன்டரில் நின்றது அவள் என்பது தெரியாது. கேட்டால் அழுவாளோ என்று பயந்து, நான் கேட்டதே இல்லை. அவள் எதுவும் சொல்லாததால், மனசு ஆறிவிட்டது என்று நானே நிரப்பிக்கொண்டேன்.

குக்கர் விசிலடித்தது. மறுபடி அடித்தது. நான் நகரவில்லை.

தீர்மானத்தை அடுத்த சுற்றுக்கு ஒத்திவைத்தார்கள். அப்போது அதை எடுத்து நடத்த யாராவது இருக்க வேண்டும். சுமதி லேப்டாப்பை மூடினாள்.

“லாரி போயிடுச்சா?”

“போயிடுச்சு. சுமி... அன்னைக்குக் கவுன்டர்ல என்ன நடந்துச்சு?”

மூன்று வருடம் லேட். ஆனாலும் சொன்னாள், சாதம் குழைந்து கூழாகும்வரை. நடுவில் அழுதாள். நான் பயந்த அளவுக்கு அது மோசமாக இல்லை. நானும் கொஞ்சம் சேர்ந்துகொண்டேன்.

“இன்னொரு ரெண்டு வருஷம் நிக்கட்டுமாங்க?”

“நில்லு. குக்கரை நான் பார்த்துக்கறேன்.”

“இன்னைக்குப் பார்த்த மாதிரியா?”

உங்கள் வீட்டில் யாராவது ரொம்ப நாளாகப் பேசாமல் இருக்கிறார்களா? போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்... நான் எழுதும் இந்தப் பத்தி எங்கேயும் ஓடிவிடாது.