பச்சை பனியன்

எல்லையில் சண்டை நடந்த அந்த ஜூன் மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. குண்டு விழுந்தது எங்கேயோ பனிமலையில். அடி வாங்கியது ராயபுரத்தில் எங்கள் தெருப் பையன்கள்.

உலகக் கோப்பை வருகிற வருஷமெல்லாம் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாட்டின் பெயர். இந்தியாவுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள் என்பதால் சீட்டுக் குலுக்கல். தெருவின் சின்னப் பிள்ளைதான் எடுக்க வேண்டும். எட்டு வயதில் அந்தப் பெருமை எனக்குக் கிடைத்தது. ஐஸ் கம்பெனி வைத்திருந்த கமிட்டித் தலைவர் தன் கையாலேயே சீட்டு எழுதி, குடத்தில் போட்டு நீட்டினார். எனக்கு வந்தது பாகிஸ்தான்.

சண்டைச் செய்தி அப்போது வரவில்லை. யாரும் முகம் சுளிக்கவுமில்லை. "இன்னா பவுலிங் தெரியுமா அவனுங்க" என்று அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினான். அவனும் வேகமாகப் பந்து போடுகிறவன். ஃபைனல் பார்க்கத் துறைமுகக் கம்பெனி ஒன்றின் கோச் வருவதாகப் பேச்சு. அவர் கண்ணில் பட்டால் டீமில் இடம், கூடவே வேலை. அப்பா கிரேனில் அடிபட்டுப் படுத்திருந்த வருஷம் அது. அம்மா பதினோரு பனியன்களை அண்டாவில் போட்டுப் பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்தாள்.

செமிஃபைனலில் தலைவரின் தெருவையே தோற்கடித்தோம். ஃபைனலுக்கு முந்தின நாள் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"அங்க நம்ம பசங்க செத்துகினு கீறாங்க. இங்க பாகிஸ்தான் கப்பு தூக்கினா நல்லாவா கீது? உங்க டீம ஃபைனல்லேர்ந்து எடுத்தாச்சு."

"பேர மாத்திக்கிறோம் தலீவரே," என்றான் அண்ணன்.

"பேர மாத்தினா ஆச்சா? இத்தினி நாளு பச்சையாத்தான சுத்தினீங்க."

அம்மா அன்றே பனியன்களை நீலத்தில் முக்கினாள். பச்சை போகவில்லை, சாக்கடை நிறம்தான் வந்தது. அதையே போட்டுக்கொண்டு போனார்கள். மைதானத்துக்குள் விடவில்லை. எங்களிடம் தோற்ற தலைவரின் தெரு ஃபைனல் ஆடியது. கோச் அங்கிருந்து ஒருவனை எடுத்துக்கொண்டார்.

என்ன அநியாயம் பாருங்கள். அதே வாரம் நிஜ இந்தியாவும் நிஜ பாகிஸ்தானும் உலகக் கோப்பையில் ஆடின, ஆட்டம் முடிந்து ஆட்டக்காரர்கள் கைகூடக் குலுக்கிக்கொண்டார்கள். தலைவர் டிவியை வாசலுக்கு இழுத்துப் போட்டுத் தெருவுக்கே காட்டினார். சண்டை போட்ட நாடுகளுக்கு இல்லாத தடை எங்களுக்கு.

அந்த மாதமே அண்ணன் மணலியில் டேங்கர் லாரி கழுவப் போனான். துடைக்கத் துணி வேண்டும் என்று அந்தப் பனியனைத்தான் எடுத்துப்போனான்.

எல்லாம் நான் எடுத்த சீட்டால் வந்தது என்று நம்பினேன். மாதா கோயிலில் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, "நான்தான் ஃபாதர் பாகிஸ்தான எடுத்துட்டேன்" என்று அழுதேன். அந்தச் சீட்டை எழுதிக் குடத்தில் போட்டது யார் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை.