காகிதம் சுற்றிய மிட்டாய்

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது ஊரில் சிரித்தார்கள். அது மிராசுதார்களுக்கு வருகிற வியாதி என்று அப்போது ஒரு நினைப்பு. இவரோ விவசாயக் கூலிகளுக்குக் குடியிருக்கும் மனைக்குப் பட்டா கேட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஊர் ஊராக நடக்கிற ஆள். "பண்ணை வீட்டை எதிர்த்து மனு எழுதி, கடைசியில அவங்க வியாதியையும் எழுதி வாங்கிக்கிட்டீங்களா?" என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கால் கட்டைவிரல் புண்ணைத் தினமும் கழுவிக்கொண்டிருந்தவள் நான்.

தை அறுவடை முடிந்த வயலில் குறுக்கே நடந்தபோது அறுத்த நெல் தாள் குத்திய புண் அது. மாசி பிறந்தும் ஆறவில்லை. சீர்காழிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் மருந்தோடு காய்ச்சிப் பார்த்தார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று நிறம் ஏற ஏறச் சர்க்கரை அதிகம். இவருக்குச் செங்கல் நிறத்தில் வந்தது.

"புண்ணு கறுத்தா விரலை எடுக்கணும். அப்பவும் சர்க்கரை குறையலன்னா பாதத்தையே எடுக்க வேண்டி வரும்," என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். இனிப்பைத் தொடக்கூடாது என்றார்.

அன்றைக்கே வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தேன். பத்து நாள் கழித்துப் போனோம். அதே செங்கல் நிறம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் சட்டை துவைக்கும்போது புரிந்தது. பை நிறைய மிட்டாய்க் காகிதம்.

"என்னங்க இது?"

"தெருவுல கொடுத்தாங்க."

"எதைக் கொடுத்தாலும் வாயில போட்டுக்குவீங்களா? பாதம் போயிடும்னாரே, காதுல விழலையா?"

"அங்க போய் வேண்டாம்னு சொன்னா அதுக்கு வேற அர்த்தம்டி."

அந்த அர்த்தம் எனக்குத் தெரியும். நாங்கள் வேறு சாதி. கூலிக்காரர் தெருவில் கொடுத்ததை வேண்டாம் என்றால் வியாதி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். தீட்டு என்றுதான் நினைப்பார்கள்.

"உடம்புக்கு ஆகாதுன்னு சொல்லித் தொலைங்களேன்."

"ஊர்ல நம்ம ஆளுங்க எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. வயிறு சரியில்ல, இப்பதான் சாப்பிட்டேன்னு. நானும் போய் அதையே சொல்லணுமா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஆலையில் செய்கிற வெள்ளைச் சர்க்கரைதான் கெடுதல், பனைவெல்லம் மரத்திலிருந்து வருவது, அது ஒன்றும் செய்யாது என்று எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பியதுபோல நானும் நம்பினேன். பனைவெல்லம் வாங்கி உடைத்து அவர் பையில் போட்டேன். "இதை வாயில ஒதுக்கிக்கிட்டுப் போங்க. மிட்டாய் நீட்டினா வாயைக் காட்டுங்க," என்றேன். காப்பிக்கும் அதுதான். அந்த வெல்லத்திலேயே எள்ளுருண்டையும் பிடித்து வைத்தேன். அவர் சந்தோஷமாகத் தின்றார். வெல்லத்தையும் தின்றார், தெருவில் கொடுத்த மிட்டாயையும் தின்றார்.

அடுத்த முறை போனபோது குழாய் முன்பைவிடச் சிவந்தது. புண்ணின் ஓரம் கறுத்திருந்தது. நான் செய்ததைச் சொன்னேன். நர்ஸ் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. "வெல்லமும் சர்க்கரைதாம்மா. கலர்தான் வேற."

டாக்டர் திட்டவில்லை. பொறுமையாகச் சொன்னார். மிட்டாயில் மெல்லுவதற்கு ஒன்றுமில்லை, வாயில் கரைந்து உடனே ரத்தத்தில் ஏறிவிடும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வீட்டுக்கு ஒன்றாகத் தின்றால், ஏறின சர்க்கரை இறங்குவதற்குள் அடுத்தது ஏறும். ரத்தத்தில் அவ்வளவு சர்க்கரை இருந்தால் புண் ஆறாது. ஏதாவது தின்னத்தான் வேண்டுமென்றால் சுண்டல், ஒரு கை கடலை, நெல்லிக்காய், கொஞ்சம் கொய்யாக்காய். அவையெல்லாம் மெதுவாக ஏறும், அதையும் அளவோடு சாப்பிட வேண்டும் என்றார். ஒரு வாரம் பார்ப்போம் என்றார்.

மறுநாள் நானே அந்தத் தெருவுக்குப் போனேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம். அதற்குமுன் ஒரு நாளும் அங்கே போனதில்லை. ஏன் என்றால் சாதிதான். வேறு காரணம் சொல்லி மழுப்ப மாட்டேன்.

முதல் வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன்: "எங்க வீட்டுக்காரருக்கு இனிமே மிட்டாய் கொடுக்காதீங்க."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏம்மா, நாங்க கொடுத்தா ஆகாதா?"

"ஆகாது. கால் போயிடும்."

புண், செங்கல் நிறம், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் கொட்டினேன். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்துவிட்டார்கள். "அடப் பாவி மனுசா, இத்தனை நாளா வாயைத் தொறந்து சொல்ல வேணாமா?" என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க ஏன் எப்பப் பார்த்தாலும் மிட்டாயாவே கொடுக்கறீங்க?" என்று கேட்டேன். குரலில் கோபம் இருந்தது.

முறத்துக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வேற என்னம்மா கொடுக்கறது? வெயில்ல நடந்து வர்றாரு, காசு கொடுத்தா வாங்க மாட்டேங்கறாரு. கூழு குடிங்கன்னு கூப்பிட முடியுமா? நீங்கல்லாம் எங்க பானையில சாப்பிடுவீங்களா? அதான் கடையில காகிதம் சுத்தினதா வாங்கி வைக்கிறோம். எங்க கை படாம இருக்கும்ல."

எனக்கு யாரை அடிப்பது என்று தெரியவில்லை. அவர் சாதி பார்க்காதவர் என்று காட்ட மிட்டாயைத் தின்றிருக்கிறார். அவர் சாதிக்குப் பங்கம் வரக்கூடாது என்று இவர்கள் மிட்டாயை வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் அழுகியது அந்தக் கால்.

"அவர் எதையும் சாப்பிடுவாரு," என்றேன்.

"அவரு சரி. நீங்க?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

உட்கார்ந்தேன். பயறு அறுவடைக் காலம், எல்லா வீட்டிலும் கூலிப் பயறு இருந்தது. அலுமினியத் தட்டில் அவித்த பயறு வந்தது. என் கை ஒரு கணம் தயங்கியது. அவர்களும் அதைப் பார்த்தார்கள். பிறகு சாப்பிட்டேன்.

"உப்பு கொஞ்சம் கூட," என்றேன்.

"ஓசிச் சோத்துல குத்தம் சொல்ற ஆளா நீங்க? அய்யாவுக்குச் சரியாத்தான் வாய்ச்சிருக்கு."

அன்றிலிருந்து அவருக்குப் பயறுதான். முதல் இரண்டு நாள் வீட்டுக்கு வீடு தட்டு நீட்டியதில், மனுஷன் வயிறு ஊதி வந்து நின்றார். "ஒருத்தர் கொடுத்தா போதும்னு நீயே போய்ச் சொல்லு," என்றார். போய்ச் சொன்னேன். அவர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பயறு, ஒரு நாள் கொய்யாக்காய், ஒரு நாள் நீர்மோர். காலையில் இரண்டு இட்லியாவது தின்னாமல் நான் வெளியே விடவில்லை. மாத்திரையும் தவறவில்லை.

வார முடிவில் குழாயில் மஞ்சள் வந்தது. பிறகு பச்சை. ஆனால் கறுத்த இடம் கறுத்ததுதான். விரலின் நுனியை எடுத்தார்கள். பாதம் தப்பியது. பனைவெல்லத்தில் கழித்த நாட்கள் இல்லாதிருந்தால் அந்த நுனியும் தப்பியிருக்குமோ என்று டாக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். எனக்குத் தெரியும்.

கட்டுப் பிரித்த மறுநாள் விடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு மனுக்கட்டோடு கிளம்பினார்.

"இட்லி வேகுது, சாப்பிட்டுட்டுப் போங்க," என்றேன்.

"நீ சாப்பிடு. எனக்கு அங்க கூழ் ஊத்தி வச்சிருப்பாங்க."