பாயில் இறங்காத ரூத்

சிட்லபாக்கத்தில் எங்கள் மாடி வீட்டு ஹாலில் எப்போதும் ஒரு கோரைப்பாய் விரித்திருக்கும். அதில்தான் முதன்முதலாக என் மகள் ரூத்தைக் குப்புறப் படுக்கவைத்தேன். அவளுக்கு மூன்றாம் மாதம் தொடங்கியிருந்தது. வயிறு நிறையப் பால் குடித்திருந்தாள், அழுகை இல்லை, முகமும் தெளிவாக இருந்தது. விளையாட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்தேன். தலையை மெல்லத் தூக்கி என்னைப் பார்த்தாள். நானும் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தேன். குடித்த பால் அத்தனையும் வாயிலும் மூக்கிலுமாக வெளியே வந்தது.

மூக்கில் வந்ததுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. ஒரு கணம் அவளிடமிருந்து சத்தமே இல்லை. வாரி எடுத்து முதுகைத் தடவினேன். இருமினாள், வீறிட்டு அழுதாள், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் என் தோளிலேயே தூங்கிப்போனாள். நான்தான் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான். ஒரு கட்டத்தில் அந்தப் பாயைக் கண்டாலே ஒதுங்கிப் போக ஆரம்பித்தேன். அதன்பின் அவளைத் தரையில் விடவில்லை. தூங்கும்போது கட்டிலில் மல்லாந்து கிடப்பாள். விழித்திருந்தால் என் இடது தோள். அந்தத் தோளில் எந்நேரமும் ஒரு துண்டு. ஞாயிறு ஆராதனைக்கு எவ்வளவு நல்ல சேலை கட்டிப் போனாலும் என்மேல் புளித்த பால் வாடைதான் வீசும். கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

இதைப் படிக்கிறவர்களில் இப்போது தோளில் ஈரத் துண்டோடு இருப்பவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள், மருத்துவம் படித்தவள் இல்லை. திரவம் மேலிருந்து கீழே பாயும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொடுத்தவளுக்கு, என் வீட்டிலேயே ஒரு திரவம் இஷ்டத்துக்கு மேலேறி வந்தது. பால் குடித்து எவ்வளவு நேரமாயிற்று என்ற கணக்கு மட்டும் என் தலைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், எனக்குத் தெரியும்.

கீழ் வீட்டில் செல்வி அக்கா இருக்கிறார். டிபன் கடைகளுக்கு மாவு அரைத்துக் கொடுப்பவர். என்னைப் படியில் பார்த்தால் அவருக்கு ஒரே கேள்விதான்.

"இன்னா டீச்சர், பாப்பா குப்புத்துகிச்சா?"

"இன்னும் இல்லக்கா. ஒரே கக்கல்."

"கக்கின புள்ள தக்கும்னு சொல்லுவாங்க. நீ ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு கீற? குப்புத்துகினா ஒரு கொரல் குடு, மாவு ரெடியா கீது."

குழந்தை முதன்முதலாகக் குப்புற விழும் நாளில் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கம் கொடுப்பது எங்கள் தெரு வழக்கம். எங்களைப்போல வேதக்கார வீடு, மற்ற வீடு என்ற பேதமெல்லாம் கொழுக்கட்டைக்குக் கிடையாது. இரண்டு வீடு தள்ளி, ரூத்துக்குப் பிறகு பிறந்த ஒரு பையன் முந்திக்கொண்டான். அவன் குப்புற விழுந்த கொழுக்கட்டை எங்கள் வீட்டுக்கும் வந்தது. வெல்லமும் தேங்காயுமாக நன்றாகத்தான் இருந்தது. ஒன்றைக்கூட நான் முழுதாகத் தின்னவில்லை.

என் கணவர் ஜெபராஜுக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை. எந்தப் பிரச்சினையையும் வெல்டிங் வைத்துத் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். ஒரு சனிக்கிழமை மாலை, துணியில் சுற்றிய ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். பிரித்தால், ஒரு சாய்வுப் பலகை. இரும்புச் சட்டம், மேலே ஃபோம், அதன்மேல் மஞ்சள் ரெக்சின். கையைக் கிழிக்கும் முனை ஒன்றுகூட இல்லை, அப்படித் தேய்த்திருந்தார்.

"லாஜிக் சிம்பிள், கிரேஸ். தல மேல இருந்தா பால் கீழதான இருக்கும்?"

இயற்பியல் டீச்சரும் தலையாட்டினேன்.

ரூத்தை அதில் கிடத்தினோம். மெல்ல வழுக்கிக் கீழே வந்தாள். மறுநாள் அதன் கீழ் ஓரத்தில் ஒரு தடுப்பு வைத்துக்கொண்டு வந்தார். இப்போது தடுப்பில் முட்டி, மோவாய் நெஞ்சில் இடிக்க, மடித்த தோசை மாதிரி உட்கார்ந்தாள். முன்னைவிட அதிகமாகக் கக்கினாள். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனோம். எடை பார்த்துவிட்டு நன்றாகத் தேறியிருக்கிறாள் என்றார் அந்த அம்மா. இது ரிஃப்ளக்ஸ் (இரைப்பையில் இருப்பது உணவுக்குழாய் வழியாக மேலேறி வருவது, நம் பேச்சில் எதுக்களிப்பு). இரண்டும் சேரும் இடத்தில் உள்ள சுருக்குத்தசை (குழாயின் வாயை மூடிக்கொள்ளும் தசை) சிறு குழந்தைகளுக்குப் பலப்பட்டிருக்காது, வளர வளரச் சரியாகிவிடும், இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றார். வாந்தி பச்சையாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால், பால் குடிக்க மறுத்தால், மூச்சுத் திணறினால் உடனே வரச் சொன்னார். நீங்களும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஜெபராஜ் தயங்கித் தயங்கி மொபைலில் பலகையின் படத்தைக் காட்டினார்.

"சார், வேலை ரொம்ப நீட்டா இருக்கு," என்றார் மருத்துவர். "ஆனா பாப்பாவ இதுல வைக்காதீங்க. வழுக்கி மடங்கினா வயிறு அமுங்கும், இன்னும்தான் கக்குவா. கழுத்து மடங்கினா மூச்சுக்கும் நல்லதில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எப்போ கீழ விட்டுப் பார்த்தீங்க?"

"பால் குடிச்ச உடனே டாக்டர். அப்போதான் அழாம விளையாடுவா."

"வயிறு ரொம்பி இருக்கும்போது குப்புறப் போட்டா நமக்கே வெளிய வந்துடும்மா." ரூத்தின் இரண்டு கைகளையும் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்த்தார். தலை பின்னால் தொங்கி, சற்றுத் தாமதமாகவே வந்தது. "கழுத்துல பலம் கொஞ்சம் கம்மி. பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா தரையில விடணும். இப்படித் தூக்கியே வச்சிருந்தீங்கன்னா, பலம் உங்க தோளுக்குத்தான் வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. கக்கல் அவளுடையது, பயம் என்னுடையது என்று அன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன்.

நேரத்தை மாற்றினோம். குடித்ததும் ஏப்பம் வரும்வரை தோளில் நிமிர்த்தி வைத்துக்கொள்வேன். விளையாட்டெல்லாம் அடுத்த பாலுக்குக் கொஞ்சம் முன்னால்தான். வயிற்றை இறுக்காதபடி டயப்பரைத் தளர்த்திக் கட்டினேன். எடுத்த எடுப்பில் பாய் இல்லை. நான் சாய்ந்து படுத்து அவளை என் நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டேன். என் முகத்தைப் பார்ப்பதற்காகவே தலையைத் தூக்கினாள். பிறகு மடி. அவள் சிணுங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பாயில் விட்ட முதல் நாள் ஜெபராஜ் பக்கத்தில் உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரூத்தின் வாயோரம் ஒரு ஒழுக்கு இறங்கியது. என் கைகள் அவர் பிடிக்குள் துள்ளின.

"தூக்காத. இரு. சிரிக்கிறா பாரு."

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இதற்கு முன் ஒரு தடவையாவது அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று தெரியவில்லை. நான் எப்போதும் வாயை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆறாம் மாதத்தில் ஒரு மாலை. நானும் அவளும் மட்டும் பாயில் கிடந்தோம். மல்லாந்து கிடந்தவள் பக்கத்தில் ஓர் எவர்சில்வர் டம்ளரை உருட்டிவிட்டேன். அதை எட்டிப்பிடிக்கப் போனவள் ஒருக்களித்தாள், இன்னும் கொஞ்சம் சாய்ந்தாள், பொத்தென்று குப்புற விழுந்தாள். ஒரு கை அடியில் மாட்டிக்கொண்டது. முக்கி முனகி அதை வெளியே இழுத்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பார்த்தபடியே கொஞ்சம் பாலைக் கக்கினாள்.

என் கைகளைப் பிடிக்க அன்று பக்கத்தில் யாரும் இல்லை. அவற்றை நானே என் வயிற்றுக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். ரூத் கன்னத்தைப் பாயில் தேய்த்துத் துடைத்தாள், கக்கியதில் உள்ளங்கையால் தப்தப்பென்று தட்டினாள், டம்ளரைப் பிடித்துவிட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதன் பிறகுதான் மாடிப்படிக்கு ஓடிக் குரல் கொடுத்தேன்.

"அக்கா, குப்புத்துக்கிட்டா."

"அட, என் ராசாத்தி," என்று கீழேயிருந்து பதில் வந்தது. இட்லிப்பானை மூடும் சத்தமும் வந்தது. பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்த ஜெபராஜ், தெருவுக்குக் கொடுத்தது போக மீந்த கொழுக்கட்டை முழுவதையும் தின்று தீர்த்தார். அதற்குள் நானும் இரண்டு தின்றிருந்தேன்.

இப்போது ரூத் தவழ்கிறாள். கஞ்சி, மசித்த வாழைப்பழம் என்று சாப்பிடுகிறாள், கக்கல் எப்போதாவதுதான். மஞ்சள் பலகையைச் சுவரோரம் போட்டு இஸ்திரிக்குப் போகும் துணிகளை அதில் அடுக்குகிறோம். நான் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். காலைக் கூட்டத்தில் அசையாமல் நிற்க வரவில்லை, குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவள்போல் லேசாக ஆடுகிறேன். கரும்பலகையில் எழுதும்போது இடது கை தானாகத் தோளுக்குப் போகிறது. துண்டு இல்லாத தோள் இன்னும் எனக்குப் பழகவில்லை.

போன வாரம் ஒரு மாலை பாயில் படுத்திருந்தேன். ரூத் என் காலை ஏறித் தாண்டி, திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுக்களைப் பக்கம் தவழ்ந்து போனாள். அப்போதுதான் உள்ளே வந்த ஜெபராஜ் கேட்டார்.

"கடைசியா எப்போ பால் குடிச்சா?"

வாயைத் திறந்தேன். எனக்கு நினைவில்லை.