மவுஸைப் பிடித்த அதிகாரி

இன்று காலை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் லொட்ஜில் மறுபடியும் பொலிஸ் செக்கிங்.

போன முறை என் லினக்ஸ் கணினியில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, சந்தேகத்தில் என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். டியூஷன் வகுப்புப் புள்ளிவிவரம் என்று விளங்கவைப்பதற்குள் பொழுதுபட்டுவிட்டது.

அறைத்தோழன் சுரேன் அன்றே சொன்னான்: "டேய், மெனு, பட்டன் எல்லாம் வாற சொஃப்ட்வெயாரைப் போடு. பார்த்தா ஒஃபிஸ் வேலை மாதிரி இருக்கும்."

போட்டேன்.

இன்று வந்த அதிகாரி கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டியூஷன் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளிகள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தலையாட்டியபடி மவுஸைத் தானே பிடித்தார். 'பிறந்த ஊர்' என்பதைத் தெரிவுசெய்து ஒரு பட்டனை அழுத்தினார். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு என்று நிறம் நிறமாகத் தூண்கள் எழும்பின.

திரையில் ஒவ்வொரு தூணாக விரல் வைத்துப் பார்த்தார்.

"லேசான வேலைதானே, மல்லி," என்று சிங்களத்தில் தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டார். "இந்தப் பக்கத்துத் தமிழ் ஆக்களைப் பதிஞ்ச ஃபோம் எல்லாம் ஸ்டேஷன்ல குவிஞ்சு கிடக்கு. நாளைக்குக் காலையில இந்தக் கம்ப்யூட்டரோட வாங்க. ஊர் ஊராப் பிரிச்சுத் தாங்க."

என் அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "வந்து எடுக்கலாம்."

அவர் போனபிறகு சுரேன் தன் பையை அடுக்கத் தொடங்கினான். பிறந்த ஊர் கிளிநொச்சி என்று எழுதிக் கொடுத்த அவனுடைய பதிவு ஃபோமும் அந்தக் குவியலில்தான் இருக்கிறது.

லினக்ஸ் தெரிந்தவர்கள் விடியுமுன் பதில் போடுங்கள். பழைய கறுப்புத் திரைக்கே திரும்பிப் போவது எப்படி?