பெரியப்பாவின் சாட்சியும் தெர்மாக்கோல் இதயமும்

என் பெரியப்பா பொய் சொல்கிறார். வீட்டுக்குள் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சபையில் மைக் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வருடா வருடம் சொல்கிறார். "மனுஷன் கை மாட்டின ரேடியேட்டர் கைவிட்டது, கர்த்தர் கைவிடல" என்று சாட்சியை ஆரம்பித்தால் முன்வரிசையில் அல்லேலூயா கேட்கும். அந்த மனுஷன் கை என் மாமாவுடையது. அன்றைக்கு அந்தக் காரின் முன் சீட்டில் இருந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது சித்தியின் கல்யாணத்தில். நான் மூன்றாம் வகுப்பு. நாங்களும் மாமாவும் சித்தியும் அண்ணனூரில் ஒரே வீட்டில் இருந்தோம். மாமா என் அம்மாவின் தம்பி, பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். யாரோ வாசலில் செடி முளைக்க விட்டிருந்த பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கிவந்து, ஷிப்ட் முடிந்த நேரமெல்லாம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்தார். தன் தங்கையை அதில்தான் சபைக்கு அழைத்துப் போவேன் என்று சொல்லியிருந்தார். பாசம் மட்டும் இல்லை. சபையில் பழைய கார் வைத்திருப்பவர்கள் நிறைய. கார் ஒழுங்காகப் போய் நின்றால் அவர்கள் பார்ப்பார்கள், வேலை கொடுப்பார்கள், வானகரத்தில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டுவிடலாம். மாமாவின் ஆசை முழுக்க அந்த ஒரு சவாரியில் இருந்தது.

எல்லாம் முடிந்து கடைசியில் ரேடியேட்டர் மிச்சம். பழையது ஒழுகியது. கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை புதியதைத் தனியாளாக மாட்டினார். ஆராதனைக்கு வராமல் மாட்டினார் என்பதைப் பெரியப்பா சாட்சியில் சேர்க்க மறப்பதில்லை.

பழசைக் கழற்றியதும் உள்ளேயிருந்த துருத்தண்ணீர், கல்யாணத்துக்குக் காயப்போட்டிருந்த மிளகாயில் பாய்ந்தது. அம்மா கத்தினாள். மாமாவின் காதில் அது விழவில்லை. புதியதை முழங்காலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினார். ஒரு துளை மட்டும் நேராக வராமல் அடம் பிடித்தது. கீழ் ஹோஸ் ஏறவே இல்லை. சோப்புத் தண்ணீர் தடவி, "வா ராஜா, வந்து உக்காரு" என்று கெஞ்சினார். ஃபேன் இறக்கையில் உரசி விரல் முட்டியெல்லாம் தோல் போனது.

மாட்டியதும் என்னை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு சோதனை ஓட்டம். எனக்கு ஒரே வேலை. சூடு காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும்.

"முள்ளு பாதிய தாண்டுச்சின்னா சொல்லு பாப்பா."

வேண்டுமென்றே ரயில்வே கேட் மூடும் நேரம் பார்த்துப் போய், இன்ஜினை அணைக்காமல் நின்றார். ரயில் போயிற்று. முள் அசையவில்லை. மாமா ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தார்.

கல்யாணத்தன்று காலை பெரியப்பா வந்தார். பெரியம்மாவின் கணவர், வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளை. கையில் ஒரு தெர்மாக்கோல் இதயம். என்னை அதில் படுக்கவைத்துக் கட்டலாம், அவ்வளவு பெரிது. சிவப்பு ஜிகினாத் தாள், நடுவில் மணமக்கள் பேர், ஓரமெல்லாம் சம்பங்கி. அதைக் காரின் மூக்கில் வைத்து இறுக்கிக் கட்டினார். கிரில் இருந்த இடமே தெரியவில்லை.

"மச்சான், அது காத்து போற வழி. மேல டாப்புல கட்டிக்கலாம்" என்றார் மாமா.

"இன்னாடா நீ. டாப்புல கட்னா காக்காதான் படிக்கும். முன்னாடி இருந்தாத்தான் எதிர்ல வர்றவன் பாப்பான்."

"வண்டி சூடாவும் மச்சான்."

"புது ரேடியேட்டர் மாட்னேன், புது ரேடியேட்டர் மாட்னேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே. ஒரு அட்டைய தாங்க அதுக்குத் தெம்பு இல்லியா?"

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா இதயத்தைப் பார்த்தார், பெரியம்மாவைப் பார்த்தார், போய் வண்டியில் உட்கார்ந்தார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நான் என் வேலையைச் செய்தேன்.

"மாமா, முள்ளு பாதிய தாண்டிச்சு."

"நல்ல நாளும் அதுவுமா வாய வைக்காதடி. முள்ளுன்னா ஏறும், எறங்கும்" என்றார் பின் சீட்டிலிருந்து பெரியப்பா.

அது இறங்கவே இல்லை. அம்பத்தூர் வருவதற்குள் இதயத்தின் பின்னாலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் அதுவும் அலங்காரம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். பின் சீட்டில் சித்தி அழ ஆரம்பித்தாள்.

மாமா ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். பெரியப்பா இறங்கி, "நான் அப்பவே நெனச்சேன். ரேடியேட்டர் மேல கை வெச்சு ஜெபம் பண்ணணும்" என்றார். கை வைக்க இதயம் இடைஞ்சலாக இருந்தது. அவிழ்த்து, "புடிடீ" என்று என்னிடம் கொடுத்தார். பிறகு கிரில் மேல் கை வைத்தார். உடனே எடுத்தார். கைக்குட்டையை மடித்து வைத்து, அதன் மேல் மறுபடி கை வைத்தார். உலகம் உண்டான ஆதியாகமத்தில் தொடங்கினார். அவர் ஆமென் சொல்வதற்குள் எந்த இன்ஜினும் ஆறிவிடும். மாமா ஈரத்துணியால் ரேடியேட்டர் மூடியை மெதுவாகத் திறந்து தண்ணீர் ஊற்றினார். வண்டி கிளம்பியது. முள் பாதியில் போய் நின்றது. நின்றது நின்றதுதான்.

ஆவியில் தாள் உரிந்து பேர் பாதி போன இதயம் டிக்கிக்குள் கிடந்தது. சபையில் ஆசீர்வாதத்துக்கு முன்பே பெரியப்பா மைக்கைப் பிடித்தார். முதல் சாட்சி. எல்லோரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு சபையில் ஒருவர்கூட அவரிடம் வண்டியை விடவில்லை. வானகரத்தில் ஷெட் வரவில்லை. தொழிற்சாலை மூடியபின் அடுத்தவர் வேனை ஓட்டுகிறார்.

அந்த அம்பாசிடர் இப்போது ஆவடியில் என் வீட்டு வாசலில் நிற்கிறது. போன மாதம் அதற்கு வேறு ரேடியேட்டர் தேவைப்பட்டது. தொட ஆள் கிடைக்கவில்லை. நானே மாட்டினேன். அதே கீழ் ஹோஸ், அதே சோப்புத் தண்ணீர், என் முட்டியிலும் தோல் இல்லை. தூறல் விழுந்ததால் வண்டி உறையைப் பானட் மேல் இழுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். முள் பாதியைத் தாண்டியது. ஹோஸ், கிளாம்ப் எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது, உறை முன்னால் தொங்கிக் கிரில்லை மூடியிருந்தது. தூக்கி எறிந்தேன். முள் இறங்கியது.

மாமாவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

"மாட்னவனுக்குத் தெரியாதா பாப்பா."

"ஏன் சொல்லல?"

"கட்றதுக்கு முன்னாடியே சொன்னேனே. அப்புறம் கல்யாணத்தன்னிக்கு, அத்தினி பேர் எதிர்ல, மூத்த மாப்பிள்ளகிட்ட போய் இன்னா பேசறது? உன் பெரியம்மா மூஞ்சி எங்க வெச்சுக்கும்?"

அன்று சபையில் அவர் தலை குனிந்து நின்றார். தப்பு செய்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள் என்று நினைத்தேன். அக்காவுக்காகவும் ஒருவர் அப்படி நிற்கக்கூடும் என்பது எனக்குத் தெரியவில்லை.

எனக்குக் கர்த்தரோடு வழக்கில்லை. பெரியப்பாவோடுதான். வருகிற ஸ்தோத்திரக் கூட்டத்தில் அதே மைக்கைப் பிடித்து அவர் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, காதில் சொல்கிற பதில் வேண்டாம். அந்த இதயத்தைக் கட்டியது யார்? கழற்றியது யார்? இல்லை, ஜெபத்தால்தான் வண்டி ஓடியது என்றால் அதற்கும் நான் தயார். அதே அளவில் ஒரு தெர்மாக்கோல் இதயம் செய்து வைத்திருக்கிறேன். காரின் மூக்கில் கட்டுகிறேன். அண்ணனூரிலிருந்து அவரே ஓட்டி வரட்டும், வழியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஜெபிக்கட்டும். இதயத்தை மட்டும் கழற்றக்கூடாது. வண்டி வந்து சேர்ந்தால் அடுத்த சாட்சி நான் சொல்கிறேன். சேராவிட்டால், பெரியப்பா, நீங்கள் சொல்லுங்கள். என் மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.