தேதி போடாத அறிவிப்பு

எங்கள் ஐந்து மாடிக் கட்டடத்தின் காவலாளிக்கு ஒரே மகள். பத்தாம் வகுப்பு படித்தாள். வாயில்லாப்பூச்சி என்று யாரோ சொல்லப்போய், நாளடைவில் முன்பாதி தேய்ந்து, பூச்சி என்பதே அவள் பெயராக நின்றுவிட்டது. படிக்கட்டுக்குக் கீழே, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறைதான் அவர்கள் வீடு. மோட்டார் ஓடும்போது அங்கே யார் பேசினாலும் காதில் விழாது. "அந்தச் சத்தத்துல வளர்ந்தவ. பேசி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டா" என்பாள் அவள் அம்மா. காவலாளி வேலை இருக்கும்வரைதான் அந்த அறை. வேலை போனால் அன்றைக்கே சாமானைத் தூக்கவேண்டியதுதான்.

தரைத்தளத்தில் என் தையல் மிஷின் ஜன்னலோரம் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் எதிரே அறிவிப்புப் பலகை. அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். நானாகப் போய் யாரையும் கேட்கவில்லை.

பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் உண்டு. சாவி செயலாளரிடம். இரண்டாம் மாடிக்காரர். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்வு பெற்றவர். எந்த அறிவிப்பானாலும் அவர் கையெழுத்தும் ஊதா முத்திரையும் வேண்டும். காவலாளியின் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால், 'லிஃப்ட் இயங்காது', 'தொட்டி கழுவப்படும்' எல்லாம் பூச்சிதான் எழுதுவாள். முத்து முத்தான எழுத்து. செயலாளர் அந்த அழகை ஒரு பார்வை பார்ப்பார், குத்துவார், அடுத்ததை எடுப்பார். படிக்கிற வழக்கம் இல்லை.

பூச்சி கவிதை எழுதுவாள் என்பது யாருக்கும் தெரியாது. அறிவிப்புக்குக் கொடுக்கும் வெள்ளைத்தாளிலேயே எழுதிப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைப்பாள். ஒரு திங்கட்கிழமை காலை, ஒளித்துவைக்காத தாள் ஒன்று தொட்டி அறிவிப்போடு சேர்ந்து மாடிக்குப் போய்விட்டது. செயலாளர் இரண்டுக்கும் முத்திரை குத்தினார். மூக்குக்கண்ணாடி இல்லாத காவலாளிக்கு எல்லாத் தாளும் ஒன்றுதான். இரண்டையும் மாட்டினார். செயலாளர் பூட்டிக்கொண்டு போனார்.

மாலை ஐந்து மணிக்கு
எல்லோரும் மொட்டைமாடிக்கு வாருங்கள்.
தொட்டிக்குப் பக்கத்தில்
வானம் இறங்கி நிற்கிறது.
வெறுங்கையோடு வாருங்கள்.
கொஞ்ச நேரம் நில்லுங்கள்.
ஒன்றும் சொல்லாமல் போங்கள்.
அதற்குப் புரியும்.

நாலரைக்குப் பள்ளிவிட்டு வந்த பூச்சி, பலகைமுன் அப்படியே நின்றாள். கண்ணாடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அதற்குள் படியில் காலடிச் சத்தம். ஜனங்கள் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். முத்திரை இருந்ததே!

நானும் போனேன்.

"எதுக்குக் கூப்பிட்டிருக்காங்க?" என்றாள் முதல் மாடி அக்கா. அவள் பின்னால் அவள் மாமியார். இரண்டு பேரும் ஒன்றாக எங்கேயும் வந்து நான் பார்த்ததில்லை.

"வானம் இறங்கியிருக்காம்" என்றார் நான்காம் மாடி டாக்சிக்காரர்.

"எவ்வளவு இறங்கியிருக்காம்? தொட்டியில இடிக்குமா?"

"இடிக்கப்போய்த்தான் கழுவறாங்களோ என்னவோ. ரெண்டு நோட்டீசும் ஒண்ணாத்தானே ஒட்டியிருக்கு!"

"ஐயோ, வெறுங்கையோடன்னு போட்டிருக்கே. நான் பையோட வந்துட்டேன்."

"கீழ வைங்க. யாரும் பாக்கல."

இருபது பேர் தொட்டிக்கு எதிரே நின்றோம். வானம் வழக்கமான இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் எல்லோரும் பார்த்தோம். பிறகு, போட்டிருந்தபடியே, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப்போனோம். தொட்டிக்குப் பின்னால் பூச்சி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றதை நான் மட்டும் பார்த்தேன்.

மூன்றாம் மாடி முழங்கால்வலிக்காரர் வரவில்லை. 'உடல்நிலை காரணமாக வானத்தைக் காண இயலவில்லை' என்று எழுதி, டாக்டர் சீட்டையும் இணைத்துச் செயலாளருக்கு அனுப்பியிருந்தார். செயலாளர் கடிதத்தோடு பலகைக்கு ஓடிவந்தார். படித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து முதல் மாடி அக்கா இறங்கிவந்தாள்.

"தினமும் வரணுமா சார்?"

அவர் தாளை இன்னொரு தரம் மேலிருந்து கீழே தேடினார்.

"தேதி போடலை. அப்ப தினமும்தான். கமிட்டி முடிவும்மா."

அன்று மோட்டார் ஓடாத நேரத்தில் காவலாளியின் குரல் என் ஜன்னல்வரை கேட்டது. "மூச்சு விடாதே. இது உன்னோடதுன்னு தெரிஞ்சா, அந்த ஆளு படிக்காம கையெழுத்துப் போட்டதும் வெளிய வந்துடும். அந்த அவமானத்துக்கு நம்மளைத்தான் வெளிய தள்ளுவாரு."

பூச்சிக்கு மூச்சு விடாமல் இருப்பதா கஷ்டம்? இருந்தாள்.

இரண்டு வாரம் போயிற்று. கட்டடமே ஐந்து மணிக்கு முணுமுணுத்துக்கொண்டு மேலே ஏறியது. மழை வந்த நாளில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டால் கை வெறுங்கைதான் என்று டாக்சிக்காரர் வாதாடி ஜெயித்தார். ஆனால் விரிக்க முடியவில்லை; எல்லோரும் நனைந்தோம். அக்காவும் மாமியாரும் பேசக்கூடாத ஒரே இடம் அதுதான் என்பதால் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பூச்சி தினமும் தொட்டிக்குப் பின்னால். தன் எட்டு வரிக்குள் இத்தனை பேர் வந்து நிற்பதைப் பார்க்கிற முகம் அது. எனக்கு அந்த முகத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டாம் ஞாயிறு மாலை நான்கரைக்கு மொட்டைமாடியிலேயே பொதுக்கூட்டம் வைத்தார்கள். முழங்கால்வலிக்காரர்கூட லிஃப்டில் வந்து கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் எழுந்தார்.

"சில பேர் ஒழுங்கா வர்றதில்லை. வந்தவங்க யாரு, வராதவங்க யாருன்னு கணக்கே இல்லை. அதனால அறிவிப்புல ஒரு சின்னத் திருத்தம். 'ஒன்றும் சொல்லாமல் போங்கள்' என்கிற வரி நீக்கப்படுது. அதுக்குப் பதிலா, 'பதிவேட்டில் கையெழுத்திட்டுப் போங்கள். அதற்குப் புரியும்.'"

காவலாளி புதுப் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"அந்த வரியை மாத்தாதீங்க."

துருப்பிடித்த அலமாரி திறப்பது போல ஒரு குரல். எல்லோரும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். தொட்டிதான் பேசிவிட்டது என்று நானும் ஒரு கணம் நினைத்தேன். பின்னாலிருந்து பூச்சி வந்தாள்.

"என்னம்மா?" என்றார் செயலாளர்.

"அது நான் எழுதினது சார்."

"எல்லாத்தையும் நீதானே எழுதறே."

"இது அறிவிப்பு இல்ல. கவிதை."

டாக்சிக்காரர் தலையில் கை வைத்தார். "அப்ப ரெண்டு வாரமா நான் கவிதைக்கா சவாரியை விட்டுட்டு வந்தேன்?"

"கவிதைக்கா நான் டாக்டர் சீட்டு குடுத்தேன்?" என்று படியிலிருந்து ஒரு குரல்.

காவலாளி தொப்பியைக் கழற்றிப் பதிவேட்டின்மேல் வைத்துக்கொண்டார். மனதுக்குள் சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

"அப்ப இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டீங்களா சார்?" என்றாள் அக்கா.

"யாரு, நானா? முப்பத்திரண்டு வருஷத்துல படிக்காம ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டதில்லை!"

"அப்ப படிச்சீங்க" என்றாள் பூச்சி.

"படிச்சேன்."

"பிடிச்சுத்தானே போட்டீங்க?"

செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அங்கேயும் உதவி இல்லை.

"ஆமா. பிடிச்சுத்தான்."

"அப்புறம் ஏன் சார் மாத்தறீங்க?"

செயலாளர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அப்புறம் மாமியார்தான் ஆரம்பித்தாள். "கையெழுத்துப் போடணும்னா நான் வரமாட்டேன். எனக்குப் போடத் தெரியாது. சும்மா நிக்கறதுன்னா வர்றேன்." அதற்கு அக்கா, "அத்தை சொல்றது சரிதான்" என்றாள். அந்த அதிர்ச்சியிலேயே பாதிக்குமேல் திருத்தம் வேண்டாமென்று கை தூக்கிவிட்டார்கள். திருத்தம் தோற்றது. முழங்கால்வலிக்காரர் படியில் உட்கார்ந்தபடி தூக்கிய கை மாடிக்குள் வந்ததாக ஆகுமா என்று மட்டும் சற்றுத் தகராறு நடந்தது.

காவலாளியை என்ன செய்வது என்று ஒருவர் இழுத்தார். "என்ன செய்யறது? சார் பிடிச்சுப்போய் மாட்டச் சொல்லியிருக்காரு, அவர் மாட்டினாரு" என்றாள் அக்கா. செயலாளருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. அதற்குள் மணி ஐந்து ஆகிவிட்டது. வெறுங்கையோடு நின்றோம்.

அதற்குப்பிறகு செயலாளர் எல்லாத் தாளையும் படித்துத்தான் முத்திரை குத்துகிறார். 'லிஃப்ட் இயங்காது' என்பதைப் படித்து முடித்து மாட்டுவதற்குள் லிஃப்டைச் சரிசெய்துவிட்டார்கள். நேற்று என் ஜன்னலுக்கு எதிரே, கையில் பேனாவோடு, "தொட்டி கழுவப்படும்னு மொட்டையா இருக்கே, பின்னால ஏதாவது சேர்க்கலாமா?" என்று பூச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேண்டாம் சார். அது வெறும் தொட்டி."

"நான் என்ன சொல்றேன்னா..."

"வேண்டாம்னு சொன்னேன்ல!"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறி எனக்குக் கேட்டது. காவலாளி நாற்காலியிலிருந்து எழுந்து, யார் கத்துகிறார்கள் என்று பார்க்க வந்தார்.